வெள்ளை ஐஸும் பதினேழு முகங்களும்

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஐஸ், ஐஸ்பழக்காரரின் பெட்டிக்குள் இருந்ததுதான். அதன்மேல் ஆட்கள் ஹொக்கி விளையாடுவதை ரொறொன்ரோவுக்கு வந்த பிறகே கண்டேன். பேரனின் ஸ்கேற் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட அரீனாவுக்குப் போனவன், அடுத்த வருடம் கமராவோடு போனேன். பன்னிரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. இப்போது புதுக் கமராவோடு வருகிற பெற்றோரும் பிள்ளைகளும் கண்ணாடி ஓரம் வந்து, "ஐயா, எங்கட படம் மட்டும் ஏன் இருட்டா வருது?" என்று கேட்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்று விளங்கப்படுத்த முடியாது. எழுதித் தருகிறேன்.

1. முதல் ஆட்டத்துக்குக் கமரா வேண்டாம்.
சும்மா இருந்து பாருங்கள். இங்குள்ள தளம் வழக்கமாக 200 அடி நீளம், 85 அடி அகலம். அவ்வளவையும் படம் பிடிக்க முடியாது, தேவையும் இல்லை. கோலின் முன்பக்கம், இரண்டு மூலைகள், நடுவர் 'பக்' என்னும் ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடக்கும் வட்டங்கள் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலான படங்கள் பிறக்கின்றன. அணிகள் பீரியட்டுக்குப் பீரியட் பக்கம் மாறும். ஆகவே உங்கள் அணி முதலாம், மூன்றாம் பீரியட்டுகளில் ஒரே கோலைத்தான் தாக்கும். எங்கே நிற்பது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

2. கேட்டுவிட்டு எடுங்கள்.
உங்கள் படத்தில் உங்கள் பிள்ளை மட்டும் விழாது. சீசன் தொடங்கும்போதே அணி மனேஜரிடமும் மற்றப் பெற்றோரிடமும் பேசுங்கள். ஒரு தாய் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். உடுப்பு மாற்றும் அறைக்குள் கமராவும் போகக்கூடாது, கைப்பேசியும் போகக்கூடாது.

3. கண்ணாடியோடு சிநேகம் பிடியுங்கள்.
பக் பட்ட கறுப்புத் தழும்பு எல்லாக் கண்ணாடியிலும் இருக்கும். அரை மணி நேரம் முந்திப் போய், கோல் கோட்டுக்கு அருகில் தெளிவான ஒரு பலகையைத் தேடி, உங்கள் பக்கத்தைத் துணியால் துடையுங்கள். லென்ஸ் முனையில் ரப்பர் வளையம் மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் சட்டையின் பிரதிபலிப்பு விழாது. நேராகப் பார்த்து எடுங்கள். சரித்தால் உருவம் கலங்கும். பெரிய அரங்குகளில் படக்காரருக்கென்று கண்ணாடியில் துளை வெட்டியிருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வீரர்கள் மோத வரும்போது மட்டும் கமராவைப் பின்னுக்கு இழுங்கள். என் இடது புருவத்துத் தழும்பு அதை இழுக்க மறந்த நாளில் வந்தது.

4. பிளாஷ் வேண்டாம், வேகம் வேண்டும்.
பிளாஷ் கண்ணாடியில் பட்டு உங்களுக்கே திரும்பி வரும். பிள்ளைகளின் கண்ணையும் கூசவைக்கும். ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே இறங்கக்கூடாது. 1/1000 கிடைத்தால் மட்டையின் நுனியும் உறைந்து நிற்கும். கமராவோடு பெட்டியில் வரும் லென்ஸ், தூரத்தை இழுக்கும்போது எஃப் 5.6க்குப் போய்விடும். எஃப் 2.8 லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தில் கால்பங்குதான் அதற்குள் போகும். 70-200 எஃப் 2.8 நல்ல சாமான்தான், ஆனால் விலை ஒரு பழைய காரின் விலை. கடன்பட வேண்டாம். 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைப் பழைய சாமானாக வாங்கி, கோலுக்குக் கிட்ட நில்லுங்கள். ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தை அம்மம்மா சட்டம் போட்டு மாட்டுவார். கலங்கிய படத்தை யாரும் மாட்டமாட்டார்கள்.

5. கமராவின் சொல்லை நம்பாதீர்கள்.
என் முதல் சீசன் முழுவதும் ஐஸ் சாம்பல் நிறத்தில்தான் விழுந்தது. கமரா பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்கும் போனேன். பழுது என் விளக்கத்தில் இருந்தது. தானாக வெளிச்சம் அளக்கும் கமரா, காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும். எதிரே வெள்ளைவெளேரென்று ஐஸ் கிடந்தால், வெளிச்சம் கூடிவிட்டதாக எண்ணி இருட்டாக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் கையால் வையுங்கள். ஸம்போனி வண்டி ஐஸை மினுக்கிவிட்டுப் போனதும் ஒரு படம் எடுங்கள். ஐஸ் வெள்ளையாக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஸ்கேற் கீறல்களும் அதில் தெரிய வேண்டும். நிறச் சமநிலையையும் அந்த ஐஸிலிருந்தே எடுங்கள். அரீனாவுக்குள் மேகமும் இல்லை, அந்தியும் இல்லை. ஒருமுறை சரியாக வைத்தால் ஆட்டம் முடியும்வரை தொடவேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள். பொத்தான்களிலிருந்து கண்ணுக்கு விடுதலை கிடைத்தால்தான் ஆட்டம் தெரியும்.

6. விளக்கும் ஏமாற்றும்.
அடுத்தடுத்து எடுத்த மூன்று படத்தில் ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு, ஒன்று சரி என்றால் கை பிழை அல்ல. இங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று. பழைய விளக்குகள் விநாடிக்கு 120 முறை மங்கித் துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, 1/1000க்குத் தெரியும். புதிய கமராக்களில் இந்தத் துடிப்புக்குத் தக்கபடி ஷட்டரைத் திறக்கும் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் போட்டுவிடுங்கள்.

7. பக்கைத் துரத்தாதீர்கள்.
மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு: ஒரு ரப்பர்த் துண்டு. பெரியவர்கள் அடித்தால் மணிக்கு 160 கிலோமீற்றரையும் தாண்டும். அதன் பின்னால் போனால் முதுகுகள்தான் கிடைக்கும். அது எங்கே வந்து சேரும் என்று பார்த்துக் காத்திருங்கள். தொடர் குவியத்தைப் போட்டு, சீருடையின் நெஞ்சுச் சின்னத்தில் பிடியுங்கள். தலைக்கவசக் கம்பிக்குள் குவியம் அடிக்கடி வழுக்கும். மற்றக் கண்ணைத் திறந்து வையுங்கள். மூன்று நான்கு படமாக வெட்டி வெட்டி எடுங்கள். இரவு இரண்டு மணிக்கு இரண்டாயிரம் படத்தைக் கழிக்கப் போவது நீங்கள்தான்.

8. இடம் மாறத் தயங்காதீர்கள்.
1970 மே 10, பொஸ்ரன் கார்டன், ஸ்டான்லி கிண்ண இறுதி. மேலதிக நேரம் தொடங்குமுன் ரே லூசியே என்ற பத்திரிகைப் படக்காரர் பொஸ்ரன் தாக்கும் பக்கத்துக்கு நடந்தார். அங்கே ஒரு முக்காலி காலியாக இருந்தது. அதன் சொந்தக்காரர் பியர் வாங்கப் போயிருந்தாராம். லூசியே உட்கார்ந்தார். நாற்பதாவது விநாடியில் பொஸ்ரன் வீரர் பொபி ஓர் (Bobby Orr) கோல் அடித்துக் கால் தடக்கிக் காற்றில் பறந்தார். ஹொக்கியின் மிகப் புகழ்பெற்ற படம் பக்கத்து ஆளின் முக்காலியிலிருந்து எடுக்கப்பட்டது.

9. கோல் விழுந்ததும் கமராவை இறக்காதீர்கள்.
1972இல் மொஸ்கோவில் சோவியத்துக்கு எதிரான கனடாவின் தொடரில் எட்டாவது ஆட்டத்தில், 34 விநாடி மிச்சம் இருக்கையில் போல் ஹெண்டர்சன் வெற்றிக் கோலை அடித்தார். கனடா முழுவதும் நினைவில் வைத்திருப்பது பிராங்க் லெனன் எடுத்த படத்தை. அதில் கோல் இல்லை. அடித்தவர் கட்டிப்பிடிபட்டுக் கையுயர்த்தி நிற்கிறார். நம் பிள்ளைகளும் அப்படித்தான். அடித்தவனைவிட அவன்மேல் பாய்ந்து விழும் மூவரைப் பாருங்கள். தோற்ற கோலியையும் எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தை அவன் வீட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

10. குளிரை மதியுங்கள்.
குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை உட்சட்டைப் பைக்குள் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள். சூட்டுக்குள் வந்த குளிர்ந்த லென்ஸில் தண்ணீர் பூக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் ஆகாது.

11. ஒரு துண்டுக் கடதாசி கொண்டுபோங்கள்.
இரண்டாவது சீசன் முடிவில் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ஒரு தாய் மெல்ல வந்து, "ஐயா, பதினான்காம் நம்பர் ஒருக்காலும் விளையாடேல்லையோ?" என்று கேட்டார். அவன் ஒரு ஆட்டம் தவறவில்லை. கோல் அடிக்காதவன், அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினேழு சீருடை எண்களையும் கடதாசியில் எழுதிப் பைக்குள் வைக்கிறேன். ஒரு முகம் சரியாக விழுந்தால் ஒரு கோடு. மூன்றாம் பீரியட் தொடங்கும்போது கோடு விழாத எண்ணைத் தேடி அந்தப் பிள்ளையோடு போவேன். கோல் தவறிப்போகும், போகட்டும். அதைப் பிடிக்கக் கண்ணாடி ஓரம் வேறு பத்துப் பேர் நிற்கிறார்கள்.