மார்கழிக் குளிர்: வீட்டைச் சூடாக்கவா, ஆளைச் சூடாக்கவா?



மார்கழி பிறந்தாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலுக்கு விடியக்காலம் போறவங்க தலையில் துண்டைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. ராஜபாளையத்தில் நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற மில் தொழிலாளிகள் காதை மப்ளரால் மூடியிருக்காங்க. நம்ம ஊர்க் குளிர் ஊட்டிக் குளிர் இல்லைதான். ஆனால் வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் இதுவே அதிகம்.

எங்க அப்பத்தாவுக்கு இளைப்பு உண்டு. அவங்க படுக்கிற அறையை எப்படிச் சூடாக்குறதுன்னு வீட்டில் பேச்சு வந்தது. "குமுட்டி அடுப்புல கங்கைப் போட்டு உள்ள வைங்கப்பா" என்றார் அப்பத்தா. சித்தப்பா ஹீட்டர் வாங்கலாம் என்றார். அறிவியல் பாடத்தில் படித்ததை வைத்து இரண்டையும் நான் யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிர் எந்தப் பக்கமிருந்து வருது?

நம்ம இரண்டு ஊருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ராத்திரியில் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, கீழே இறங்கும். புவியியலில் 'மலைக் காற்று' என்று படிக்கிறோமே, அதுதான் இது. அதனால் மலை பார்த்த ஜன்னலைச் சாயங்காலமே சாத்தினால் பாதி வேலை முடிந்தது. தகரக் கூரை வீட்டில் இன்னொரு வழியிலும் குளிர் வரும். தகரம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் சில்லிட்டுப் போகும்.

குமுட்டி அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. விறகு எரிந்தால் புகை வரும், கண் எரியும், நாமே எழுந்து வெளியே ஓடிவிடுவோம். அடுப்புக்கரிக் கங்கில் புகை தெரியாது. அதனால்தான் "இதுல ஒண்ணும் ஆகாது" என்று நம்பிவிடுகிறோம். ஆனால் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. மூடின அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய அது இன்னும் அதிகமாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம். தூங்குகிறவருக்கு இது எதுவுமே தெரியாது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள், கரி அடுப்பை அணைக்காமல் அறைக்குள்ளேயே வைத்துத் தூங்கினார்கள். இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

ஹீட்டர் வாங்கலாமா?

2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பை 1,700 மணி நேரத்துக்கு மேல் எரிக்கிற மின்சாரம் இது! இவ்வளவு செலவழித்தும், சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். தரையில் படுத்திருப்பவருக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

அப்போ என்னதான் செய்வது?

அறை முழுவதையும் சூடாக்க வேண்டாம், ஆளைச் சூடாக வைத்தால் போதும். காஷ்மீரில் பனி கொட்டும். அங்கேயும் வெளியே போகும்போது 'காங்கிரி' என்கிற சின்னக் கங்குச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். ஜப்பானில் 'கோதட்சு' என்று ஒரு குட்டை மேஜை. அதன் அடியில் ஹீட்டர், மேலே போர்வை. காலை உள்ளே நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். காங்கிரியிலும் கரிதான் என்பதால் அதை நாம் காப்பியடிக்க வேண்டாம். ஆளைச் சூடாக்குகிற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் உடம்பே ஒரு அடுப்புதான். அதன் சூடு வெளியே போகும் வழியை அடைத்தால் போதும்.

1. தரை: சிமெண்டுத் தரை உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். பாய்க்கு அடியில் இரண்டு சணல் சாக்கு விரிக்கலாம். கட்டிலில் படுத்தால் இன்னும் நல்லது.
2. போர்வை: ஒரு கனமான போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை நல்லது. நடுவில் நிற்கிற காற்று வெப்பத்தைக் கடத்தாது. பஞ்சு மெத்தை கதகதப்பாக இருப்பதும் இதனால்தான்.
3. தலை, காது, பாதம்: குல்லாவும் சாக்ஸும் போதும்.
4. வெந்நீர்: 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய கால் யூனிட்தான் ஆகும். 1000 வாட் ராடு கால் மணி நேரத்தில் முடித்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

விறகுக்காக மலைக்குப் போகிற யோசனையும் வேண்டாம். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.

எங்க வீட்டில் கடைசியில் அப்பத்தாவுக்குக் கட்டில், சாக்கு, இரண்டு போர்வை, குல்லா என்று முடிவானது. மேற்கு ஜன்னலைச் சாத்துகிறோம். இளைப்புக்காரங்களுக்கு நல்ல காற்று வேணும் என்பதால் எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம். குமுட்டி அடுப்பு முற்றத்தில் இருக்கிறது. சாயங்காலம் அப்பத்தா அங்கே உட்கார்ந்து கையைக் காய்ச்சிக்கிறாங்க. திறந்த வெளியில் அது நல்ல துணைதான்.

நினைவில் வைப்போம்!

* மூடின அறையில் கரி, விறகு, மண்ணெண்ணெய் எதுவும் எரியக் கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.
* அப்படி யாராவது மயங்கிக் கிடந்தால், முதலில் கதவு ஜன்னலைத் திறந்து ஆளை வெளியே கொண்டு வரணும். உடனே 108-க்குப் போன் செய்யணும்.
* இதை வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

குளிரைப் போர்வையால் வெல்வோம்!