சுருங்கட்டும், விட்டுவிடு

அன்புள்ள கயல்,

நர்சரியில் வாங்கிய லித்தாப்ஸ் செடி சுருங்குகிறது, தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். கீழே வைத்துவிடு அந்தக் குவளையை!

முதலில் அந்த இரண்டு இலைகளுக்கு நடுவே உள்ள பிளவை டார்ச் அடித்துப் பார். உள்ளே புதிதாக ஒரு ஜோடி தலைகாட்டினால், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய இலைகள் தம்மிடமுள்ள நீரையெல்லாம் புதியவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதம்போல் காய்ந்துவிடும். ஆண்டுதோறும் நடப்பதுதான். இப்போது நீ ஊற்றினால் பழையவை வற்றாமல் கொழுகொழுவென்று நிற்கும். சில சமயம் செடியே அழுகிவிடும்.

அதன் சொந்த ஊர் நமீபியாவும் தென்னாப்பிரிக்காவும். சரளைக்கல் பரந்த வறண்ட நிலம். சில இடங்களில் ஆண்டு மழை 100 மி.மீ.கூடத் தேறாது. அங்கே உடம்பு முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்கும், தட்டையான உச்சி மட்டும் தரைமட்டத்தில் தெரியும். நிறமும் சுற்றியுள்ள கல்லின் நிறமே. 1811-இல் பிரீஸ்கா அருகே வில்லியம் பர்ச்செல் என்ற ஆய்வாளர் விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்து எடுத்தது, கைக்கு வந்தபின் செடியாக இருந்தது. மேயும் விலங்குகளும் இப்படித்தான் ஏமாறுகின்றன.

மண்ணுக்குள் இருந்தால் வெயிலுக்கு எங்கே போவது? உச்சியில் கரும்பச்சையாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு திட்டுகள் தெரிகின்றனவே, அவைதான் சன்னல்கள். வெளிச்சம் அவற்றின் வழியே இறங்கி, நீர் நிறைந்த உட்பகுதியைக் கடந்து, அடியில் உட்சுவரை ஒட்டியிருக்கும் பச்சையத்தை எட்டுகிறது. கடும் வெயிலும் வழியிலேயே தணிந்துவிடுகிறது. எனக்கு இந்தச் செடியில் பிடித்த சங்கதி, பூவைவிட இதுதான்.

பூவையும் குறை சொல்ல முடியாது. அதே பிளவிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வரும். பெரும்பாலும் பிற்பகலில் விரிந்து அந்தியில் மூடிக்கொள்ளும். ஆனால் ஒற்றைச் செடி தன் மகரந்தத்தால் விதை பிடிக்காது. ஆகவே இதே வகையில் இன்னொன்று வாங்கி வை.

விதைக்காய் காய்ந்ததும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சில நிமிடங்களில் மூடிகள் விரியும், உலர்ந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். அதன் சொந்த ஊரில் மழைத்துளி விழுந்துதான் விதை தெறிக்கும். ஈரமில்லாத நாளில் ஒரு விதையையும் செலவழிக்காது.

தொட்டி மண்ணில் பாதிக்குமேல் பொடிச் சரளை இருக்கட்டும். புது ஜோடி முழுதாக வெளிவந்து, பழைய தோல் சருகான பிறகு தண்ணீர் காட்டு. அதுவரை அம்மாவையும் அந்தப் பக்கம் விடாதே. அவள் துளசிக்கு ஊற்றும் வேகத்தில் இதற்கும் ஊற்றிவிடுவாள்.

அன்புடன்,
அத்தை