அமுதசுரபியும் அரிசிக் கப்பலும்

தைப்பூசத்தின்போது கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானப் பந்தல்களும் நிறைந்திருக்கும். வந்தவர் எவரும் பசியோடு திரும்பக் கூடாது என்பது நம் மரபு. ஆனால், அந்தப் பானையில் இடும் அரிசி எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? மலேசியா தனக்குத் தேவையான அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அந்த அரிசி வரத் தவறினால் என்னவாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபுத்திரன் காட்டும் பாடம்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அமுதசுரபியை நாம் அறிவோம். மணிமேகலையின் கைக்கு வருமுன் அது ஆபுத்திரனிடம் இருந்தது. அதைக் கொண்டு அவன் பாண்டிய நாட்டில் பசித்தவர்க்கெல்லாம் உணவளித்தான். தன்னை மதியாத அவன்மீது சினங்கொண்ட இந்திரன், பன்னிரண்டு ஆண்டுகளாக வறண்டிருந்த அந்நாட்டில் மழை பெய்வித்தான். வயல்கள் விளைந்தன, சோறு கேட்டு வர ஆளில்லை. பின்னர், சாவக நாட்டில் மக்கள் பசியால் மடிவதைக் கேள்வியுற்று ஆபுத்திரன் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது. உணவும் இருந்தது, பசித்தவரும் இருந்தனர். இடையில் கப்பல்தான் தவறியது. சாவகம் என்பது நமக்கு அண்டையிலுள்ள ஜாவா என்பர் அறிஞர்.

கப்பல் தவறிய காலங்கள்

இது வெறுங்கதையன்று. போருக்கு முன் மலாயா தன் அரிசித் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்றது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அந்த வரத்து குலைந்தது. தோட்டப்புறத் தமிழர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்தனர்.

2008ஆம் ஆண்டில் உலகில் நெல் விளைச்சல் பொய்க்கவில்லை. ஆயினும் இந்தியாவும் வியட்னாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. இறக்குமதி நாடுகள் அஞ்சி வாங்கிக் குவித்தன. ஆண்டுத் தொடக்கத்தில் டன்னுக்கு ஏறக்குறைய 400 டாலராக இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரை எட்டியது. ஜப்பான் தன் கிடங்கிலுள்ள அரிசியை விற்க இசைகிறது என்ற செய்தி பரவியதுமே விலை இறங்கலாயிற்று. அச்சமே விலையை ஏற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2023 ஜூலை 20ஆம் நாள் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பரில் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. 10 கிலோ 26 ரிங்கிட் எனக் கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டு அரிசியை அனைவரும் நாடியதால் அது கடைகளில் கிடைப்பது அரிதாயிற்று. நாள்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இவ்வுயர்வு வெறும் செய்தியன்று. தட்டில் குறையும் சோறு. அத்தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது.

பாத்திரமா, மழையா?

நெருக்கடிக் காலத்தில் உணவு உதவி உயிர் காக்கும். ஆனால் விலை ஏறும்போது அதே பணத்திற்குக் குறைந்த உணவே கிடைக்கும். 2008இல் உலக உணவுத் திட்டம் கூடுதலாக 755 மில்லியன் டாலர் வேண்டியதன் காரணம் இதுவே. ஆகவே, நெருக்கடி வருமுன் உழவுக்குச் செய்யும் உதவியே நிலைத்தது. உலக வங்கியின் கணக்குப்படி, வளர்ச்சி உதவியில் வேளாண்மையின் பங்கு 1979இல் 18 விழுக்காடாக இருந்து 2004இல் 3.5 விழுக்காடாகச் சுருங்கியது. இதன் பயனை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. உலக வங்கியின் கடனுதவியுடன் 1970ஆம் ஆண்டளவில் முடிந்த மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால், கெடாவிலும் பெர்லிஸிலும் ஒருபோகம் விளைந்த வயல்கள் இருபோகம் கண்டன. இன்றும் அதுவே நாட்டின் நெற்களஞ்சியம்.

ஆபுத்திரனின் பாத்திரம் அன்றைய பசியைத் தீர்த்தது. மழையோ பாத்திரத்தின் தேவையையே நீக்கியது. நமக்கு இரண்டும் வேண்டும். பத்துமலையில் அன்னமிடும் கைகளை வணங்குவோம். அவ்வன்னத்தை விளைவிக்கும் வயல்களையும், இடர்க்காலத்திற்கெனச் சேமிக்கும் கிடங்குகளையும் காக்குமாறு குரல் கொடுப்பதும் அவ்வறத்தின் ஒரு பகுதியே எனக் கொள்வோம்.