நான்காம் வசனமும் ஆறாம் வசனமும்

கேள்வி: விளாங்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னோடு பல வருடமாகத் தொழில் செய்கிற பாய் ஒருவர் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. போன வாரம் வாட்ஸ்அப்பில், குர்ஆன் 9:5 மாற்று மதத்தாரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்கிறது என்று ஒரு செய்தி வந்தது. அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உண்மையிலேயே அப்படி இருக்கிறதா ஐயா?

– ஒரு வாசகர், விளாங்குடி, மதுரை

பதில்: இறைவனுக்கு இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்ற கருத்து அந்த வசனத்தில் இருக்கிறது. உங்களுக்கு வந்தது ஓர் அறிவிப்பின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த துண்டு. முழு அறிவிப்பையும் சொல்கிறேன்.

கி.பி. 628இல் மக்காவின் குறைஷியரும் நபிகளாரும் ஹுதைபிய்யாவில் பத்தாண்டு சமாதான உடன்படிக்கை செய்தார்கள். குறைஷியரோடு சேர்ந்த பனூ பக்ர் கூட்டத்தார், நபிகளாரோடு சேர்ந்த குஸாஆ கூட்டத்தாரைத் தாக்க, உடன்படிக்கை முறிந்தது. 630இல் மக்கா நபிகளார் வசமான பிறகும் சில கோத்திரங்கள் வாக்குக் கொடுப்பதும் முறிப்பதுமாகவே இருந்தன. 631 ஹஜ்ஜில் கூடிய மக்கள் முன் வாசிக்கப்பட்டதுதான் ஒன்பதாம் அத்தியாயத்தின் தொடக்கம். ஹஜ்ஜுக்குத் தலைமை நபிகளாரின் தோழர் அபூபக்ர். ஆனாலும் வாசிக்கத் தம் குடும்பத்தவரான அலீயை அனுப்பினார் நபிகளார்; ஒப்பந்தத்தை முறிப்பதென்றால் செய்தவரோ அவர் குடும்பத்தாரோ வந்து சொல்ல வேண்டும் என்பது அரேபியர் வழக்கம்.

அந்த அறிவிப்பு முதலில் நான்கு மாத அவகாசம் தருகிறது. நான்காம் வசனம், வாக்குத் தவறாதவர்களோடு செய்த ஒப்பந்தத்தைத் தவணை முடியும்வரை காக்கச் சொல்கிறது. ஐந்தாவதுதான் உங்களுக்கு வந்தது. ஆறாம் வசனமோ, அதே இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. கண்ட இடத்தில் எவரையும் கொல்லென்பது பொருளானால் இந்த இரண்டுக்கும் இடமேது?

புறநானூற்றில் பாடலின் அடியில் யார், யாரை, எந்தச் சூழலில் பாடினார் என்று குறிப்பு இருக்குமே, அதைப் போல வசனம் இறங்கிய காரணத்தைத் தேடுவதற்கென்றே இஸ்லாமிய மரபில் ஒரு கல்வித்துறை உண்டு. 11ஆம் நூற்றாண்டிலேயே அல்வாஹிதீ அதற்குத் தனி நூல் எழுதினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வசனம் சமாதானம் பேசும் பல வசனங்களின் கட்டளையை மாற்றிவிட்டது என்று எழுதிய பழைய உரையாசிரியர்களும் இருந்தார்கள். மறுத்தவர்களும் இருந்தார்கள். டெல்லியின் ஷாஹ் வலியுல்லாஹ் (1703–1762) அப்படி மாற்றப்பட்ட வசனங்கள் மொத்தமே ஐந்துதான் என்றார். அந்த ஐந்தில் சமாதான வசனம் எதுவும் இல்லை. எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

இந்த வசனம் உட்பட 26 வசனங்களை நீக்கக் கோரிய மனுவை, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் அபராதத்தோடு தள்ளுபடி செய்தது. ஆனால் தீர்ப்பு உங்கள் மனக்கலக்கத்தைத் தீர்க்காது. பாயிடமே கேளுங்கள். அவர் வீட்டில் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் பதினைந்து வசனங்களை இருவரும் சேர்ந்து படியுங்கள். பதிமூன்றாவதில், முதலில் தாக்கியது யார் என்பதும் வரும்.