முகவரியில் எல்லைக்கோடு எங்கே? சப்நெட் மாஸ்க்கை மாணவர்களுக்குப் புரிய வைத்தல்

மேல்நிலை வகுப்பில் ஐ.பி. முகவரி பற்றிக் கேட்டால், "32 பிட், நான்கு பகுதிகள், 0 முதல் 255 வரை" என்று மாணவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். "அதற்குக் கீழே 255.255.255.0 என்று எதற்காகத் தருகிறோம்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆய்வகத்தில் ஒரு கணினி வலையமைப்பில் சேராதபோது காரணம் பெரும்பாலும் இதுபோன்ற ஒரு கட்டத்தில்தான் இருக்கும். பெரம்பலூரிலிருந்து பழுது பார்ப்பவர் வரும்வரை பாடவேளைகள் வீணாகின்றன. மாணவரே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய பிழை இது. இதை இரண்டு பாடவேளைகளில் கற்பிக்கலாம்.

தபால் பையிலிருந்து தொடங்குவோம்

வாலிகண்டபுரம் அஞ்சலகத்தில் இரண்டு கடிதங்கள் போடப்படுகின்றன என்று கொள்வோம். ஒன்று அதே ஊர்த் தெருவுக்கு, மற்றொன்று சென்னைக்கு. முதல் கடிதத்தைத் தபால்காரர் நேரே வீட்டில் சேர்ப்பார். இரண்டாவது கடிதம் வெளியூர்த் தபால் பைக்குள் போகும். இதை முடிவுசெய்ய அஞ்சலகத்துக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: "இது நம் ஊர்க் கடிதமா?"

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணும் இதற்கு உதவுகிறது. பெரம்பலூரின் 621212-ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. ஒரே எண்ணில் இரண்டு பகுதிகள் உள்ளன.

ஐ.பி. முகவரியும் அப்படித்தான். முன்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். பின்பகுதி அதிலுள்ள கணினியைக் குறிக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல் குறியீட்டில் பிரிவு எப்போதும் மூன்றாம் இலக்கத்துக்குப் பின்தான். ஐ.பி. முகவரியில் அந்த எல்லைக்கோடு இடம் மாறும். கோடு எங்கே விழுகிறது என்று சொல்வதே சப்நெட் மாஸ்க்கின் வேலை.

செயல்பாடு 1: எட்டு மாணவர்கள், எட்டு பிட்டுகள்

எட்டு மாணவர்களை 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற அட்டைகளுடன் வரிசையாக நிறுத்துங்கள். 20 என்ற எண்ணுக்கு 16, 4 அட்டை உள்ளவர்கள் கை உயர்த்துவர் (00010100). 40-க்கு 32, 8 அட்டை உள்ளவர்கள் (00101000).

அவர்களுக்குப் பின்னால் மற்றொரு எட்டுப் பேர் மாஸ்க் வரிசையாக நிற்கட்டும். 224 என்றால் முதல் மூவர் மட்டும் கை உயர்த்துவர் (11100000). விதி இதுதான்: பின்னால் நிற்பவர் கை உயர்த்தியிருந்தால் மட்டுமே முன்னால் இருப்பவரின் கை கணக்கில் வரும். இப்போது 20-இல் மிஞ்சுவது 0. 40-இல் மிஞ்சுவது 32. விடைகள் வேறு என்பதால், இரண்டும் வேறு வேறு 'ஊர்கள்'. மாஸ்க் 0 என்றால் இரண்டிலும் மிஞ்சுவது 0; ஒரே ஊர்.

செயல்பாடு 2: தெரிந்தே ஒரு பிழை

ஒரே சுவிட்ச்சில் இணைந்த மூன்று கணினிகளுக்கு 192.168.10.20, 192.168.10.25, 192.168.10.40 என்ற முகவரிகளைக் கொடுங்கள். மூன்றுக்கும் மாஸ்க் 255.255.255.0. பழைய அமைப்புகளை முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்வே கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அது இருந்தால் ரவுட்டர் செய்தியை வாங்கி உரிய கணினிக்கே அனுப்பிவிடக்கூடும், பிழை வெளியே தெரியாது. பிங் கட்டளைக்கு எல்லாக் கணினிகளும் பதில் தருவதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பிறகு 20-ஆம் கணினியின் மாஸ்க்கை மட்டும் 255.255.255.224 என மாற்றுங்கள். இப்போது அது 25-உடன் பேசும், 40-உடன் பேசாது. கேபிள் சரியாக இருக்கிறது. சுவிட்ச் விளக்கும் எரிகிறது. காரணத்தை மாணவர்களே தேடட்டும். உடனே சொல்லிவிட வேண்டாம்.

224 மாஸ்க் 256 முகவரிகளை 32 வீதம் எட்டுத் தொகுதிகளாகப் பிரிக்கிறது: 0–31, 32–63, 64–95 என்று தொடரும். 20, 25 இரண்டும் முதல் தொகுதியில் உள்ளன. 40 அடுத்ததில் உள்ளது. ஆகவே 20-ஆம் கணினி, 40-ஐ வெளியூர் என்று நினைக்கிறது. வெளியூர்த் தபாலை ஒப்படைக்கும் இடமே கேட்வே. அது இல்லாததால் கடிதம் கிளம்பவே இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் முதல் முகவரி வலையமைப்பின் பெயராகவும், கடைசி முகவரி எல்லோருக்குமான அறிவிப்புக்காகவும் ஒதுக்கப்படுவதால், கணினிகளுக்குக் கிடைப்பவை 30.

மதிப்பீடு

இதே 224 மாஸ்க்கில் 192.168.10.70, 192.168.10.90, 192.168.10.100 ஆகியவற்றில் எவை ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை? 70, 90 இரண்டும் 64–95 தொகுதியில் அடங்கும். 100 அடுத்த தொகுதி. விடையைவிட, மாணவர் அதற்குச் சொல்லும் காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

செயல்பாடு முடிந்ததும் பழைய அமைப்புகளை மாணவர்களைக் கொண்டே திரும்ப அமைக்கச் செய்யுங்கள். அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு கணினி தனித்து நின்றால், கேபிளை ஆட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் மாஸ்க்கையும் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.