குழந்தைக் கல்வி: தொண்டா? தொழிலா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் மாணவி)

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் தாயார் எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தில் உதவியாளர். ஊரார் அதை 'ஆயா வேலை' என்பர். அச்சொல்லை எழுதக் கூசி, 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டேன். அது பொய் மட்டுமன்று, அறியாமையும்கூட என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவ்வுணர்வே இக்கட்டுரைக்கு வித்து.

ஆறு வயதுக்குள்

பிறக்கும் குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. பேச்சும், எண்ணும் திறனும், பிறரோடு பழகும் பண்பும் வேர் பிடிப்பது அப்பருவத்தில்தான். ஆயினும் நாம் செய்வது என்ன? கல்லூரிப் பேராசிரியரைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். அக்குழந்தைக்குச் சோறூட்டிக் கதை சொல்லும் பெண்ணுக்கு உட்காரப் பலகைகூட எடுத்துப் போடுவதில்லை.

முன்னோடிகள்

இத்துறையின் முன்னோடிகள் கற்றறிந்த பெருமக்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றவர். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த தொழிலாளர் குழந்தைகளுக்காக, 1907-இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

தாராபாய் மோடக் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் குழந்தைக் கல்வி மையம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் மையத்திற்கு வரவில்லை. அவர் அவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே. அவருடைய துணைவர் அனுதாய் வாக், சிறுவயதிலேயே கைம்பெண்ணாகிப் படித்து முன்னேறியவர். குழந்தை வராவிட்டால் குழந்தையிடம் செல்வதே இத்துறையின் தலைமைப் பண்பு என்பதை இவர்கள் வாழ்ந்து காட்டினர்.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் மருத்துவத்திற்கு அனுப்புதல், தாய்மார்க்கு நலக்கல்வி ஆகிய ஆறு பணிகளும் இத்திட்டத்தில் அடங்கும்.

புளியங்கொட்டைப் பாடம்

2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். வீட்டு நிலையால் அவ்வாண்டு கல்லூரியில் சேர இயலவில்லை. ஆகவே, 2021-இல் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலரானேன். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையே வகுப்பறை. மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம்.

மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், 52-இலிருந்து 27 போனால் 35 என்று எழுதினான். மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் 35. "மண்டையில் என்ன களிமண்ணா?" என்று கத்திவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாயார்தாம் அவன் வீட்டிற்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஐந்து கொட்டாங்கச்சிகளில் பத்துப் பத்தாகப் புளியங்கொட்டைகளை இட்டு, இரண்டைத் தனியே வைத்தார். "எனக்கு இருபத்தேழு குடு தம்பி" என்றார். அவன் இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். தனியே இருப்பதோ இரண்டு. சற்று நேரம் விழித்தவன், தானாகவே ஒரு கொட்டாங்கச்சியைத் தரையில் கவிழ்த்து, ஏழை எண்ணிக் கொடுத்தான். மீதம் 25. அவன் சிரித்தான், நான் தலைகுனிந்தேன்.

"இது எப்படியம்மா தெரியும்?" என்றேன்.

"மூணு வயசுப் புள்ளைங்களுக்கு இப்படித்தானே எண்ணக் காட்டுறோம். நீ எடுத்த எடுப்புலயே நோட்டுல காட்டுற" என்றார்.

பெரியவர் 'விளையாட்டு' என்று ஒதுக்குவதே குழந்தைக்குக் கணக்கு என்பது அன்று விளங்கியது. களிமண் பிசைவது விரல்களை எழுதப் பழக்குகிறது. பாட்டும் கதையும் சொல்வளம் சேர்க்கின்றன. இதை அறியாத பெற்றோர், "இன்னும் எழுத்து எழுத வைக்கவில்லையே" என்று குறைப்படுகின்றனர்.

மதிப்பும் ஊதியமும்

இத்தகைய திறன் வேண்டும் பணியை இன்றும் 'தொண்டு' என்கிறோம். தொண்டு உயர்ந்த சொல்லே. ஆனால் குறைந்த ஊதியத்தை மூடும் போர்வையாக அது ஆகிவிடக்கூடாது. 2018-இல் மத்திய அரசு தன் மதிப்பூதியத்தை உயர்த்தியபோதும் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்றே நிர்ணயித்தது. மாநில அரசு தன் பங்கைத் தனியே சேர்த்துத் தருகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிப்பூதியமும் ஊதியமே என்றும், இவர்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெறத் தகுதியுடையோர் என்றும் தீர்ப்பளித்தது. 'தொண்டா, தொழிலா?' என்ற வினாவிற்கு இத்தீர்ப்பு ஒரு நல்ல விடை எனலாம்.

இத்துறையில் படிக்கட்டுகளும் உள்ளன. உதவியாளர், பணியாளர், மேற்பார்வையாளர், குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் என்று அவை உயர்கின்றன. மேற்பார்வையாளர் பணியிடங்களில் ஒரு பகுதி, அனுபவமிக்க பணியாளர்களைக் கொண்டே நிரப்பப்படுகிறது. மனையியல், சத்துணவியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றோர்க்கு அலுவலர் பதவிக்கான போட்டித் தேர்வும் உண்டு. ஆனால் எப்படியில் நின்றாலும், தரையில் குழந்தையோடு அமர்ந்து கற்றதை மறவாதவரே இங்குத் தலைவராக முடியும். கொட்டாங்கச்சியைக் கவிழ்க்கும் வரை பொறுத்திருக்கத் தெரியாதவர், பதிவேட்டை மட்டுமே மேற்பார்வையிடுவார்.

முடிவாக

பட்டம் முடித்தபின் குழந்தை வளர்ச்சித் துறையில் மேற்படிப்புப் படித்து இப்பணிக்கே வர எண்ணியுள்ளேன். என் தாயாருக்கு இதில் விருப்பமில்லை. "நீயாவது நாற்காலியில உக்காந்து வேலை பாரு கண்ணு" என்கிறார். முப்பது குழந்தைகளுக்கு உலை வைத்த கைகளின் களைப்பு அச்சொல்லில் இருக்கிறது. அதை நான் மறுக்க முடியாது. அவர் மனம் மாற வேண்டுமானால், முதலில் அவர் வேலையின் மதிப்பு உயர வேண்டும். நம்மைப் போன்று முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர், கற்ற கல்வியோடு அம்முற்றத்திற்குத் திரும்பினால் அம்மதிப்பு உயரும் என நம்புகிறேன்.

இக்கல்லூரியில் சேர்ந்தபோதும் படிவத்தில் அதே கட்டம் இருந்தது. 'அங்கன்வாடி உதவியாளர்' என்று தெளிவாக எழுதினேன். இம்முறை கை கூசவில்லை.