இல்லத்துக் கணிப்பொறியும் ஏட்டுச் சுவடியும்

மக்கள் தம் இல்லத்திற்கென அமைத்துக்கொண்ட கருவிகள் பல. அம்மி அரைக்கும், தையற்பொறி தைக்கும், கடிகாரம் காலங் காட்டும். இவையெல்லாம் தத்தமக்குரிய ஒரு தொழிலைச் செய்து, பழுதுற்றவிடத்துப் பழுது இன்னதென்று தாமே காட்டி நிற்பன. கணிப்பொறி ஒன்றே இவ்வியல்பிற்கு வேறானது. அது பல தொழில் செய்யும்; பழுதுற்றபோது பழுது எவ்விடத்ததென்று சொல்லாது; சிற்சில வேளைகளில் பழுதே இன்றியும் பழுதுற்றது போன்று நம்மை மயக்கும். அதனை வீட்டில் வைத்து ஆள்வோர் அடையும் வியப்பும் சலிப்பும் பல. அவற்றுள் தமிழ் மாணாக்கராகிய நமக்கு நெருங்கிய தொடர்புடைய ஒன்றனை எடுத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அஃதாவது, கணிப்பொறியில் இன்று எழுதி வைக்கும் தமிழ் இருபதாண்டு சென்றபின் படிக்கக் கிடைக்குமா என்பதாம்.

எங்கள் இல்லம் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே இராசபாளையத்தில் உள்ளது. நூலாலைகளுக்கும், காயங்கட்டும் துணி நெய்யும் தறிகளுக்கும் அவ்வூரும் அதன் சுற்றுப்புறமும் பெயர் பெற்றவை. யான் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 2005-ஆம் ஆண்டில், ஓர் அலுவலகத்தார் கழித்துவிட்ட கணிப்பொறி ஒன்றை என் தந்தையார் விலைக்கு வாங்கி வந்தார். வந்த நாள்தொட்டு அது எங்களை ஆட்டிப் படைத்தது. மாலை நேரத்தில் அரை மணி ஓடும்; பின்னர் யாதொரு முன்னறிவிப்புமின்றி அணைந்துவிடும். ‘வைரஸ்’ என்னும் கண்காணாப் பகையே காரணம் என்று அப்பா ஓராண்டு நம்பியிருந்தார். ஈற்றில் அதன் நோயைக் கண்டறிந்தவர் பொறியியல் கற்றவரல்லர். அடுத்த வீட்டுத் தறிக்கொட்டகையில் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர். அவர் பெட்டியைத் திறந்து பார்த்து நகைத்தார். கணிப்பொறியின் மூளை எனத்தகும் சில்லு, வேலை செய்யுங்கால் சூடேறும். அச்சூட்டை வெளியே தள்ளுதற்கு அதன்மேல் உலோகத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் அமைந்துள்ளன. தறிக்கொட்டகையினின்று பறந்து வந்த பஞ்சு அத்தகடுகளிடையே மெத்தைபோற் படிந்துவிட்டது. சூடு அளவு கடந்ததும், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பொறி தானே அணைந்திருக்கின்றது. “எங்கள் தறி மோட்டாருக்கும் இதே நோய்தான்” என்று சொல்லி, காற்றடிக்கும் குழலால் அவர் அதனைத் துப்புரவு செய்து தந்தார். இனி, 2012-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடெங்கும் நிலவிய நெடிய மின்வெட்டைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. எழுதியதைச் சேமிக்கும் முன்னரே மின்சாரம் போய், ஒரு மாலையின் உழைப்பு ஒரு நொடியில் மறைந்த துயரம் அக்காலத்துப் பல வீடுகளில் நிகழ்ந்ததே.

நிற்க. அப்பொறியை எங்கள் இல்லத்தில் உள்ளன்போடு நேசித்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த என் பாட்டனார். தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவர், அவ்வூரில் 1875-ஆம் ஆண்டில் தோன்றிய பென்னிங்டன் நூலகத்திற் காலைப்பொழுதைக் கழிப்பார். சனிக்கிழமைதோறும் ஒரு கையிற் பால்கோவாப் பொட்டலமும் மறு கையில் ஒரு கட்டுத் துண்டுத் தாள்களுமாகப் பேருந்தேறி இராசபாளையம் வருவார். அத்தாள்களில், தறிக்காரரும் உழவரும் மலையடிவாரத்து மக்களும் வழங்கும் சொற்களை அவர் பல்லாண்டு தொகுத்து வைத்திருந்தார். பாவு, ஊடை, நாடா, தார் என்னும் தறிச் சொற்களும், கரம்பை, கமலை, வெள்ளாமை முதலிய வேளாண் சொற்களும் பொருள் விளக்கத்தோடு அவற்றுள் இருந்தன. தமிழ்த் தட்டச்சு முறையாகப் பயின்றவராதலின், அவர் விரல்கள் விசைப்பலகையில் விரைந்தோடும். “தாளைக் கறையான் தின்னும், இதை எது தின்னும்?” என்று திரையைத் தட்டிக் காட்டி மகிழ்வாராம். 2013-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் அஞ்சியவாறே துண்டுத் தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. பின்னர் அப்பழம் பொறியும் ஓய்ந்து பரண் ஏறிற்று.

சென்ற கோடை விடுமுறையில், வட்டாரச் சொற்களைப் பற்றி வகுப்பிற் கற்றதன் பயனாக, எனக்குப் பாட்டனாரின் தொகுப்பு நினைவுக்கு வந்தது. பழம் பொறியின் வன்தட்டைக் கழற்றி என் மடிக்கணினியோடு இணைத்தோம். கோப்பு இருந்தது, திறந்தது. ஆயின், திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன. “எல்லாம் கெட்டுப்போய்விட்டது” என்றார் அப்பா. பாட்டனாரை இரண்டாம் முறை இழந்தாற்போல இருந்தது அவர் முகம்.

உண்மையில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இதனை உணர்தற்குக் கணிப்பொறி எழுத்தைக் கொள்ளும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றே தெரியும். நாம் ஒரு விசையை அழுத்தினால், அதற்குரிய எண்ணையே அது பதிவு செய்துகொள்ளும். அவ்வெண்ணுக்கு எவ்வடிவத்தைத் திரையில் வரைவது என்பதைக் கூறும் படத்தொகுதியே எழுத்துரு எனப்படுவது. முற்காலத்துப் பொறிகளில் ஓர் எழுத்துருவிற்கு 256 இடங்களே உண்டு. அவற்றுட் பலவும் ஆங்கிலத்திற்கு உரியனவாக முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. எனவே தமிழ் எழுத்துருச் செய்தோர், ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலே தமிழ் வடிவங்களை அமர்த்தினர். பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். தட்டச்சுப்பொறியின் முறையைத் தழுவிய அதில், ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்து விசைகளையும், ஈற்றில் அரைப்புள்ளியையும் அழுத்துதல் வேண்டும். பாமினி உள்ள பொறியில் ‘தமிழ்’ தோன்றும். இல்லாத பொறியிலோ அந்நான்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமே தோன்றும். இருக்கை அப்படியே இருக்க, அமர்ந்தவர் மட்டும் மாறிவிட்டார். இதனினும் பெருந்துன்பம் ஒன்றுண்டு. எழுத்துருச் செய்தோர் பலர். அவர்கள் வகுத்த இருக்கை முறையும் பல. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பொறி படிக்கமாட்டாதாயிற்று.

இக்குறையை நீக்கத் தமிழர் பல நாடுகளிலிருந்தும் முயன்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். சென்னையில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, ‘தமிழ் 99’ என்னும் பொது விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. இவற்றிற்கிடையே, உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே எண் வரிசை வகுக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991-இல் வெளிவந்தது. அதன்கண் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே ‘தமிழ்’ என்னும் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களின் கோவையாகும். இவ்வெண்களில் வேறெம்மொழி எழுத்தும் வந்து அமர இயலாது. தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் இம்முறையைத் தனக்குரிய தரமாக ஏற்றுக்கொண்டது. பழங்கணக்கில் 320-இல் ஒரு பங்கைக் குறித்த முந்திரி முதலிய பின்னக் குறிகளுக்கும் 2019-இல் தனியிடம் அளிக்கப்பட்டது.

ஒருங்குறியின் சிறப்பு, வடிவத்தை விடுத்து எழுத்தைப் பற்றி நிற்றலேயாம். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ணை, லை, னை முதலிய சிலவற்றின் வரிவடிவத்தை மாற்றியது. ஆயினும் சொற்கள் மாறவில்லை. வடிவம் வேறு, எழுத்து வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பழைய எழுத்துரு ‘கொ’ என்பதனைக் கண்ணுக்குத் தோன்றும் முறையே கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாக வைக்கும். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்னும் நம் இலக்கணிகள் கொள்கைக்கு இஃது எத்துணை இயைபுடையது!

இவற்றையெல்லாம் அறிந்தபின், பாட்டனாரின் கோப்பு எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டது என்று அதனுள்ளேயே குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். பழைய எண்களை ஒருங்குறி எண்களாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பை அதனுள் இட்டவுடன், பத்தாண்டுக்கு மேலாக மறைந்திருந்த தமிழ் திரையில் மலர்ந்தது. அவ்வேளை யாம் எய்திய மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

ஆயினும் மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. ‘ஊர்’ என்னும் சொல்லைத் தேடுமாறு பொறியைப் பணித்தேன். எதிரே, திரையில், ‘ஊர்’ பலவிடத்தும் இருந்தது. பொறியோ ஒன்றுமில்லை என்று விடை தந்தது. காரணம் யாதெனின், அவ்வெழுத்துருவில் ரகர ஒற்று, கீழ்க்காலின்றி வெறும் காலின்மேற் புள்ளி வைத்தாற்போலத் தோன்றும். ஆதலின் பாட்டனார், அக்காலத்துத் தட்டச்சர் பலரையும் போல, ரகரத்திற்கு மாறாக ஆகாரக் காலையே அழுத்திப் புள்ளியிட்டிருக்கின்றார். ‘கரிசல்’ என்பதிலும் அவ்வாறே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பொறிக்கோ ரகரம் 2992, கால் 3006.

இவ்விடத்தே எனக்கு ஏட்டுச் சுவடிகளின் நினைவு வந்தது. ஓலையில் எழுதினோர் புள்ளியிடுவதில்லை. காலுக்கும் ரகரத்திற்கும் வேற்றுமை காட்டுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் புலப்படாது. இவ்விடர்ப்பாட்டைக் கண்டே வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வரி வகுத்தார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏடுகளில் இது காலோ ரகரமோ என்று எத்தனை இரவு விழித்து ஆராய்ந்திருப்பார்! அவர்கள் ஓலையிற் கண்ட அதே ஐயம், எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் என்முன் வந்து நின்றது.

ஐயத்தைத் தீர்த்ததும் இலக்கணமே. புள்ளி மெய்க்கே உரியது. காலை ஏற்ற உயிர்மெய்யின்மேற் புள்ளி வாராது. ஓருயிர்க் குறியின்மேல் வேறோர் உயிர்க் குறியும் ஏறாது. எனவே காலை அடுத்துப் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ வருமிடமெல்லாம் அக்கால் ரகரமே என்று துணிந்து மாற்றலாம். இவ்விதியைப் பொறிக்குக் கற்பித்தேன்; நொடிப்பொழுதில் முடித்துவிட்டது. இவ்வெற்றியால் செருக்குற்று, ஔகாரத்தையும் அவ்வாறே திருத்தப் புகுந்தேன். பாட்டனார் ‘கௌதாரி’ என்பதனைக் கொம்பு, ககரம், ளகரம் என்று எழுதியிருந்தார். ‘கெள’ என வருமிடமெல்லாம் ‘கௌ’ ஆக்குக என்று பணித்தேன். மலையடிவாரத்துக் கௌதாரி பிழைத்தது. கண்மாயிலிருந்த கெளுத்தி மீன் சிதைந்துபோயிற்று! பொறிக்குப் பறவையுந் தெரியாது, மீனுந் தெரியாது. அதன்பின் 1,400 சொற்களையும் ஒவ்வொன்றாக யானே பார்வையிட்டேன். பதினாறு நாள் சென்றன.

இதனால் நாம் கொள்ளத்தக்கன யாவை? முதலாவது, தமிழில் எழுதுவன யாவற்றையும் ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். வீட்டில் பழைய எழுத்துருவிற் கிடப்பனவற்றை, அவ்வெழுத்துரு கிடைக்கும்போதே மாற்றிவிடுதல் வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் முதலில் வேறு குறிமுறையில் இட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியே காத்தனர். இரண்டாவது, ஒரே படியை நம்பியிருத்தல் ஆகாது. வேறொரு கருவியிலும் வேறோர் ஊரிலும் படிகள் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மாற்றியதை மக்கட் கண்ணால் ஒப்புநோக்குதல் வேண்டும். பண்டை ஏடுகள் நம் கைக்கு வந்தது ஓலையின் வலிமையாலன்று. தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து படியெடுத்ததனாலேயே. கணிப்பொறியும் ஓர் ஓலைதான். அதனைக் கறையான் தின்னாது. நம் சோம்பலே தின்னும்.

விடுமுறையின் இறுதி வாரத்தில், தொகுப்பைத் தாளில் அச்சிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுசென்று பாட்டியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு, பொழுது சாயுமளவும் படித்தார்கள். ஓரிடத்தும் பாராட்டவில்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, “சும்மாட்டைக் காணோமே, ஐயா? நான் அப்போதே சொன்னேன், எழுத மறந்துவிட்டார்” என்றார்கள். அன்றிரவே 1,401-ஆவது சொல்லாகச் சும்மாட்டைச் சேர்த்து, இரண்டு படிகள் எடுத்து வைத்தேன். ஒன்று இராசபாளையத்தில் உள்ளது. மற்றொன்று பாட்டியின் அலமாரியில் உள்ளது.